துயில்வோளுக்குப் பாடம் சொல்லல்

யாருக்கெல்லாம் பாடம் சொல்லக்கூடாது என்று நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு பட்டியல் தருகிறது. கள்வன், சினத்தன், படிறன் என்று போகும் அந்தப் பட்டியலில் பிணியனும் துயில்வோனும் இருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் இதை எழுதிய பவணந்தியார், எதிரே ஒரு பெண் பாடம் கேட்க உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்திருக்க வழியில்லை. ஆனால் தொலைநிலைக் கல்வியில் முதுகலைத் தமிழ் படிக்க வார இறுதி வகுப்புக்கு வரும் பெண்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் பாதிப்பேர் வெளியே போக வேண்டியிருக்கும். இருட்டோடு எழுந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று வேளைக்கும் ஆக்கி வைத்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தூங்காமல் என்ன செய்வார்கள்?

முதல் ஆண்டு எனக்கு இது தோன்றவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகிய ஒரு பாணி எனக்கு இருந்தது. குரலை ஏற்றி இறக்குவேன், நடுநடுவே கிண்டல் செய்வேன், கவனிக்காதவர்களைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பேன். நல்ல ஆசிரியர் என்று பெயரும் இருந்தது. அதே பாணியில் ஒரு சனிக்கிழமை, மூன்றாம் வரிசையில் கண்ணயர்ந்திருந்த ஒருவரை "எழுந்திரும்மா, நீ சொல்லு" என்றேன். அவர் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர். நான் அவரை "நீ" என்றதை வகுப்பே கேட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அந்தத் தொனி அவருக்குப் பழக்கமானதாகத்தான் தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று நடத்திக்கொண்டிருந்தது நற்றிணையின் 110ஆம் பாடல், போதனார் பாடியது. பாலைத் திணை, செவிலி கூற்று. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, மறு கையில் சிறு கோல் ஒன்றை ஓங்கி மிரட்டி, குடிக்கச் சொல்லி நரைத்த தலைச் செவிலியர் துரத்த, சலங்கை ஒலிக்கப் பந்தலுக்கு ஓடி விளையாடிய சிறுமி. அவள்தான் இன்று கணவன் வீட்டில் வறுமை வந்தபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைக்கவும் மறுத்து, ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள். "கற்பின் சிறப்பு", "மனையறத்தின் மாண்பு" என்று நான் படித்தபோது சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே பல ஆண்டுகள் சொன்னேன். இளம் மாணவிகள் எழுதிக்கொண்டார்கள், மதிப்பெண்ணும் வாங்கினார்கள்.

இந்த வகுப்பில் அது நடக்கவில்லை. "அந்தப் பொண்ணு பட்டினி கெடக்குறா அம்மா. இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" என்றார் ஒருவர். உடனே இன்னொருவர் மறுத்தார்: "அப்பன் வீட்டுச் சோத்த ஒரு நாள் தின்னுட்டா, அத எத்தன வருஷம் சொல்லிக் காட்டுவாங்க தெரியுமா? அவ செஞ்சதுதான் சரி." இரண்டையும் கேட்டுவிட்டு, நகரத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த பெண் சொன்னது என் வாசிப்பையே மாற்றியது. "செவிலி போய்ப் பாத்துட்டு வந்து பெத்தவகிட்ட சொல்றா. ஒம் மக பசியோட இருக்கான்னு அந்த வீட்டு வேலைக்காரி எப்படிச் சொல்ல முடியும்? கெட்டிக்காரியா இருக்கான்னுதான் சொல்ல முடியும்."

கூற்று என்பதை நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதைத் தேர்வுக்கான இரண்டு மதிப்பெண் விடையாகவே வைத்திருந்தேன். செவிலி நற்றாயிடம் பேசுகிறாள் என்பதற்குள் ஊழியமும் அச்சமும் பரிவும் இருக்கின்றன. அவள் கண்ட பசி, சொல்லும்போது பெருமிதமாக உடுத்திக்கொண்டு வருகிறது. பாட்டில் பாராட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராட்டு யாருடைய தேவைக்காக என்ற கேள்வியை, பிறர் பிள்ளையை வளர்த்தவர்தான் எழுப்ப முடிந்தது. முனைவர் பட்ட ஆய்வில் அகப்பாடல்களோடு ஐந்தாண்டு கழித்த எனக்கு அது தோன்றவில்லை.

அனுபவம் சொன்னால் போதும், வாசிப்பு தானே வந்துவிடும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அப்படி எடுத்துக்கொண்டு அடுத்த பருவம் முழுவதும் வீணடித்தேன். "உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள்" என்றே ஒவ்வொரு பாடலையும் தொடங்கினேன். மாமியார், குடி, நகை அடகு என்று வகுப்பு கண்ணீரில் முடிந்தது. பாடலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேசியவர்களும் ஏற்கெனவே பேசத் துணிவிருந்தவர்களே. கடைசி வரிசையில் இருந்த தலித் மாணவி ஒருவர் அந்தப் பருவம் முழுக்க ஒரு முறைதான் வாய் திறந்தார்: "எங்க வீட்டுல பொன்கிண்ணமும் இல்ல, பின்னால ஓடிவர ஆளும் இல்ல. இதுல நான் எங்கேருந்து சொல்றது?" அகத்தின் "தலைவி" எந்த வீட்டுப் பெண் என்பதை விட்டுவிட்டு எல்லாப் பெண்களின் அனுபவம் என்று நான் பேசிக்கொண்டிருந்ததை அவர் ஒரே மூச்சில் காட்டிக்கொடுத்தார். பாவ்லோ பிரையரையும் பெல் ஹூக்சையும் நான் படித்திருந்தேன். பிரையரின் மொழி ஆண்மையமானது என்று ஹூக்ஸ் கடிந்துகொண்டதையும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதெல்லாம் கட்டுரைக்கு உதவியது. வகுப்பில் கைகொடுத்தது, நான் குறை சொல்லித் தொடங்கிய அதே நன்னூல்.

கேட்பவர் எப்படிக் கொள்வார் என்று அறிந்து அதற்கேற்பச் சொல்ல வேண்டும், வெகுளக் கூடாது, விரையக் கூடாது என்கிறது அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு கணக்கு. ஆசிரியர் சொன்னதைச் சரியாகவே கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் கிடைக்குமாம். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்குச் சொல்லும்போது வருகிறது. ஆக என் பங்கு கால்தான். அந்தக் காலுக்காகவா தூங்குகிறவரை எழுப்பினேன்?

இப்போது பிற்பகலில் நான் விரிவுரை செய்வதில்லை. காலையில் பாடலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வேன். இதில் சலுகை கிடையாது, இலக்கணமும் உண்டு. பிற்பகலில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடலைச் சொல்ல வேண்டும். அனுபவம் சொல்லலாம், ஆனால் அது பாட்டின் எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். பேசாதவரை நான் எழுப்புவதில்லை. தூங்குகிறவர் தூங்கலாம்.

தேர்வு இதற்கெல்லாம் வளைந்து கொடுப்பதில்லை. வினாத்தாள் இன்னமும் "தலைவியின் மனைமாட்சியை விளக்குக" என்றுதான் கேட்கிறது. திருத்துபவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. முதலில் மரபான விடையை எழுதுங்கள், பிறகு ஒரு பத்தியில் உங்கள் மறுப்பை எழுதுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கூசத்தான் செய்கிறது. செவிலி நற்றாயிடம் செய்ததைத்தான் நானும் செய்யச் சொல்கிறேன். ஆனால் பதவி உயர்வுக்காகவும் ஊதிய உயர்வுக்காகவும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களிடம், என் கொள்கைக்காகத் தோற்றுப்போங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

அதே பாடலைச் சென்ற பருவத்தில் மீண்டும் நடத்தினேன். பல ஆண்டுகளாக அந்தக் கோலை நான் கவனித்ததே இல்லை. ஒரு கையில் தேன்பால், மறு கையில் கோல். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வியப்பவளே அந்தக் கோலைப் பிடித்திருந்தவள். அவள் கேள்விக்குப் பாடலில் பதில் இல்லை.

பிற்பகல், சன்னலோரக் குழுவில் ஒருவர் மேசையில் தலை வைத்து அரைமணி நேரம் தூங்கி எழுந்தார். பக்கத்திலிருந்தவர் அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். கடைசிச் சொல்லில் வரும் "மதுகை"க்கு வலிமை என்று பொருள் சொன்னார். அதற்கு முன்னால் "சிறு" என்று இருக்கிறதே, அவளுக்கு வலிமை குறைந்துவிட்டது என்று சொல்கிறாளா, சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு வலிமையா என்று சொல்கிறாளா என்று தூங்கி எழுந்தவர் கேட்டார். மற்றவர் உரையைப் புரட்டினார். ஐந்து மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. இருவரும் புத்தகத்தை மூடாமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.