வெறியாட்டுக் களம்

மேசையின் நடுவில் அது கிடந்தது. நீல நிறம், விரல் நீளம். பென் டிரைவ் என்றுதான் முதலில் நினைத்தேன். மகளிர் விடுதியில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியின் தலையணைக்கடியில் எடுத்தது என்றார் விடுதிக் காப்பாளர். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் நாங்கள் ஆறு பேர். அந்த வேப்பை யாரும் தொடவில்லை. செத்த எலியைக் கண்டதுபோல நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் பேசினார்கள். "பொம்பளப் பிள்ளைங்க ரூம்ல இதெல்லாமா?" "டிசி கொடுத்து அனுப்பிடலாம்." குழுவில் இரண்டு பேர் இடைவேளைதோறும் கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் சிகரெட் பிடிப்பவர்கள். அதிகம் கொதித்தவர் அவர்களில் ஒருவர்.

இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என்னால் அப்படிப் போக முடியவில்லை, ஏனென்றால் அந்தக் கொதிப்பு எனக்குள்ளும் இருந்தது. என் அப்பா நாற்பது வருடம் பீடி பிடித்தார். நுரையீரல் புற்றுநோய். கடைசி மூன்று மாதம் படுக்க முடியாமல், சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினார். புகைப்பவர் யாரைப் பார்த்தாலும் அந்த இருமல் எனக்குக் கேட்கும். அன்று அந்த அறையில் நான் விசாரிப்பவளாக உட்காரவில்லை, இழந்தவளாக உட்கார்ந்திருந்தேன். வெறி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துக் கேரி நேஷனை நினைத்துக்கொள்கிறேன். 1867இல் ஒரு மருத்துவரை மணந்தார். அவர் குடிநோயாளி, இரண்டே வருடத்தில் இறந்துபோனார். கேரியின் கையில் ஒரு குழந்தை மிஞ்சியது. 1900இல் கேரி மதுக்கடைகளுக்குள் புகுந்து கல்லெறியத் தொடங்கினார். பிறகு கைக்கோடரியால் புட்டிகளை நொறுக்கினார். கேன்சஸில் அப்போது மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது, மதுக்கடைகளும் பகிரங்கமாக நடந்துகொண்டிருந்தன. அதிகாரிகள் செய்யாததை அவர் செய்தார். இதுவரை அவர் எனக்கு அக்காதான். 2017இல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராகச் சாலையில் நின்று காவல் அதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்கிய பெண்ணுக்கும் அவர் அக்காதான். ஆனால் அதே கேரி, தெருவில் போகிறவர்களின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கவும் செய்தார். அந்த இடத்தில்தான் நான் அவரை விட்டு விலகுகிறேன். கடையை நோக்கியிருந்த கோபம் ஆளை நோக்கித் திரும்பிவிட்டது. சாமளாபுரத்துப் பெண்களின் கோபத்தில் ஒரு கணக்கு உண்டு. கடை போனால் கூலி வீட்டுக்கு வரும், அடி குறையும். வெறி கணக்குப் பார்ப்பதில்லை. தீங்கு குறைந்ததா என்று அது ஒருநாளும் கேட்காது.

வேப் விஷயத்தில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். அதில் எதுவும் எரிவதில்லை. பேட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்க, நிகோடினும் வாசனையும் கலந்த திரவம் ஆவியாகிறது. எரியாததால் சிகரெட்டைப் போலத் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குப் போவதில்லை. நிகோடின் போகிறது. அது அடிமையாக்கும், இளவயதில் இன்னும் வேகமாக அடிமையாக்கும். ஆகவே இது நல்ல பொருள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இங்கிலாந்தின் அரசுப் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் சிகரெட்டைவிட இதன் தீங்கு ஏறத்தாழ 95 சதவீதம் குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணை வைத்து மருத்துவர்களுக்குள் சண்டை நடந்தது உண்மை. 2023இல் 10 லட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கொடுத்து சிகரெட்டை விடச் செய்யும் திட்டத்தை அந்நாட்டு அரசு அறிவித்தது.

இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் அதுவே நாடாளுமன்றச் சட்டமானது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடத்தில் சிகரெட் பிடித்தால் 200 ரூபாய். சிகரெட் தயாரிக்கும் ஐடிசியின் பங்குகளை நம் எல்ஐசி வைத்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரமும் அதே ஆண்டு வேப் விற்பனைக்குத் தடை போட்டது, சிகரெட் பழையபடி கடையில் இருந்தது. அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் நுரையீரல் பாதித்து மருத்துவமனைகளில் விழுந்த செய்திகள் அந்த மாதங்களில் உலகம் முழுக்க ஓடின. 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த திரவம் என்பதும், அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்பதும் பின்னால் வந்தன. முதல் செய்தி நம் குழுவரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது வரவில்லை.

தடைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா நிறுவனம் 2018இல் ஜூல் என்ற வேப் கம்பெனியின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. புகைப்பவர்களைக் காப்பாற்ற அவ்வளவு பணம் போடுவார்களா? மாம்பழ வாசனை யாருக்காகச் சேர்க்கப்படுகிறது என்று நமக்குத் தெரியாதா? கம்பெனியின் மேல் கோபப்படுங்கள், நானும் வருகிறேன். எங்கள் கூட்டத்தில் கம்பெனியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்பு அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். "முதல்ல சிகரெட்தான் மேடம். அதை விடத்தான் இதை வாங்குனேன்" என்றாள். அவள் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெறிக்கு இந்த வாக்கியம் காதில் விழாது என்பது தெரியும். முழுப் பாவியை அது ஏற்றுக்கொள்ளும், டீக்கடையில் அவரோடு நின்று டீயும் குடிக்கும். பாதி வழியில் நிற்பவர்தான் அதற்குத் தாங்காது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை, கையில் இருப்பது பேனா மாதிரி இருக்கிறது என்றால் எல்லார் பையிலும் அது இருக்கலாம். அன்றிரவே விடுதியில் எல்லாப் பெண்களின் பைகளும் சோதிக்கப்பட்டன. ஆண்கள் விடுதியில் சோதனை இல்லை.

வெறி என்ற சொல்லை நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வருடாவருடம் நான் விளக்கியிருக்கிறேன். அகப்பாடல்களில் வெறியாட்டு வரும். மகள் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, நிறம் மாறுகிறது. தாய் பயந்துபோய் வேலனை அழைக்கிறாள். களத்தில் புதுமணல் பரப்புகிறார்கள், கழங்கு பார்க்கிறார்கள், ஆட்டுக்குட்டியை அறுக்கிறார்கள். முருகு அணங்கியது என்று தீர்ப்பாகிறது. அவளுக்கு வந்திருப்பதோ காதல். ஒரு பெண்ணின் உடலில் ஏதோ மாறிவிட்டது, ஊரே கூடி ஆடுகிறது, அவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. பழந்தமிழில் வெறிக்கு மணம் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்த நீலக் கருவியிலிருந்து லேசாக மாம்பழம் மணத்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. பாட்டில் தோழி இருப்பாள். அறத்தொடு நின்று, நோய் வேறு என்று சொல்லிவிடுவாள்.

வேலனின் களத்துக்கு நடுவில் எப்போதும் பெண் உடல்தான். 1908இல் நியூயார்க்கில் பெண்கள் பொது இடத்தில் புகைக்கக் கூடாதென்று ஒரு நகர விதி வந்தது. கேட்டி மல்காஹே என்ற 22 வயதுப் பெண்ணைப் பிடித்து 5 டாலர் அபராதம் போட்டார்கள், கட்ட மறுத்ததால் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில் மேயர் அந்த விதியை ரத்து செய்துவிட்டார். ஆணின் நுரையீரலைப் பற்றி அந்த விதிக்கு எந்தக் கவலையும் இருக்கவில்லை. நம்மிடம் 2016-17 தேசியக் கணக்கெடுப்பு இருக்கிறது. இந்தியப் பெண்களில் 100க்கு 2 பேர் புகைக்கிறார்கள், ஏறத்தாழ 13 பேர் புகையிலையை மெல்வது போன்ற புகையில்லாத பழக்கம் உள்ளவர்கள். திண்ணையில் வெற்றிலையோடு புகையிலைத் துண்டையும் அதக்கிக்கொள்ளும் ஆச்சியின் வாய்ப்புற்றுக்காக எந்தக் குழுவும் கூடியதில்லை. அவர் பையை யாரும் சோதித்ததும் இல்லை.

கூட்டத்தில் நான் பேசினேன். டிசி வேண்டாம் என்றேன். விடுதியிலிருந்து நீக்கம் என்று முடிவானது. சமரசம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு ஆறாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். தோழி அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

நான்காம் நாள் அவள் அம்மா வந்தார். தென்காசிப் பக்கம். பீடி சுற்றுபவர், அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல. மடியில் சொளவை வைத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியில்தான் மகளுக்கு ஃபீஸ் கட்டுகிறார். புகையிலைத் தூள் ஏறிய விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. என் அப்பாவின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. காப்பாளர் அந்தக் கருவியை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, இது பீடியவிட மோசமான சாமானா?" என்று கேட்டார்.

எங்கள் ஆறு பேரில் ஒருவரும் கேட்டிராத கேள்வி. இல்லை என்று தொடங்கி, ஆனாலும் என்று இழுத்து, நிகோடின், சட்டம், விடுதி விதி என்று ஏதேதோ சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காப்பாளரிடம் விசாரித்தார்.