பேரு மட்டும் ஹார்லெம்

2013 பிப்ரவரியில் உலகம் பூராவும் ஒரு கூத்து நடந்தது. 'ஹார்லெம் ஷேக்' என்று பேரு. மொத்தம் முப்பது விநாடிப் படம். முதல் பாதியில் ஒரே ஒருத்தர் தலைக்கவசமோ முகமூடியோ மாட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டுவார். சுற்றியிருக்கிறவர்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தங்கள் சோலியைப் பார்ப்பார்கள். இசையில் தடால் என்று ஒரு அடி விழும், காட்சி மாறும். அதே அறையில் இப்போது அத்தனை பேரும் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு சாமி வந்த மாதிரி உதறுவார்கள். முடிஞ்சது படம்.

இதைத் தொடங்கிவைத்தவர் ஜார்ஜ் மில்லர் என்கிற யூடியூப் கோமாளி. அதற்கு இந்த இரண்டு பாதி அச்சை வார்த்துக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பையன்கள். இரண்டே வாரத்தில் சுமார் 40,000 படங்கள் ஏறிவிட்டன. நார்வே ராணுவத்தார் பனியில் ஆடினார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழக நீச்சல்காரர்கள் தண்ணிக்கு அடியில் ஆடினார்கள். ஏன் இவ்வளவு வேகம்? இதற்கு ஆடத் தெரியவேண்டியதில்லை. ஒரு கேமரா, நடுவில் ஒரு வெட்டு, கொஞ்சம் கூச்சமின்மை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் இதன் பலம். நானும் பார்த்துச் சிரித்தவன்தான். சிரிப்பின்மேல் எனக்கு வழக்கில்லை. பேரின்மேல்தான் வழக்கு.

ஹார்லெம் என்பது நியூயார்க்கின் கறுப்பர் குடியிருப்பு. அங்கே ரக்கர் பார்க் கூடைப்பந்து மைதானத்தில் 1980களின் தொடக்கத்தில் அல் பி என்கிற உள்ளூர்க்காரர் இடைவேளைகளில் ஆடிக்காட்டிய ஆட்டம்தான் நிசமான ஹார்லெம் ஷேக். தோள்பட்டை வெட்டி வெட்டி ஏறி இறங்கும்; கையும் உடம்பும் அதன் பின்னாலேயே போகும். தாளம் பிசகினால் கூட்டம் நகைக்கும். முதலில் சனங்கள் அவர் பேரைச் சொல்லியே அதை அழைத்தார்கள். பிறகு தெருத்தெருவாகப் பரவி ஊரின் பேரே ஆட்டத்தின் பேராயிற்று. அதில் பறிப்பு ஏதுமில்லை. ஒருத்தர் ஆட்டத்தை ஊரே தன் ஆட்டமாக ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். 2001 வாக்கில் ராப் பாடல் படங்கள் வழியே அது அமெரிக்கா முழுக்கப் போனது. அல் பி 2006இல் இறந்துபோனார்.

2013இன் கூத்தில் அந்தத் தோளசைவு மருந்துக்கும் கிடையாது. பௌயர் என்கிற வெள்ளை இசையமைப்பாளர் 2012இல் வெளியிட்ட மின்னிசைத் துண்டுக்கு அந்தப் பேரு இருந்தது. அதிலிருந்து படங்களுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டில் ஆட்டத்தின் பேரைச் சொல்லும் குரல்கூட இரவல். ஜேசன் மஸ்ஸன் என்கிற கறுப்பினக் கலைஞர் தன் ராப் குழுவின் பழைய பாட்டில் பேசியது அது. தொடக்கத்தில் வரும் ஸ்பானியக் குரல் போர்ட்டோ ரிக்கோப் பாடகர் ஹெக்டர் டெல்காடோவுடையது. ரெண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை. பாட்டு உலகம் சுற்றிய பிறகுதான், அதில் கேட்பது தங்கள் குரல் என்று அவர்கள் ஈடு கேட்டு வந்தார்கள்.

அதே நேரத்தில் பில்போர்டு பத்திரிகை யூடியூப் பார்வைகளையும் தன் பாட்டுப் பட்டியலில் சேர்த்து எண்ணத் தொடங்கியது. 2013 மார்ச் 2 தேதியிட்ட பட்டியலில் இந்தத் துண்டு எடுத்த எடுப்பிலேயே முதலிடம். அங்கேயே ஐந்து வாரம். விளையாட்டாக உதறியவர்கள் ஒவ்வொருத்தரும் தெரியாமலே அந்தக் கணக்கில் ஒரு புள்ளியானார்கள். ஹார்லெம் தெருக்களில் நின்ற சனங்களுக்கு இந்தப் படங்களைப் போட்டுக்காட்டி, அவர்கள் சொன்னதை ஒருவர் படமாக்கினார். சிலர் சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இது எங்கள் ஆட்டமே இல்லை என்பதுதான் பொதுப்பேச்சு. அதற்குப் பட்டியலில் ஏது இடம்?

'சும்மா தமாசுக்குத்தானே, இதுல போயி அரசியலா?' என்று கேட்பார்கள். தமாசும் எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதை ஆடிப் படம்பிடித்த தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். கெய்ரோவில் இளைஞர்கள் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் தலைமையகத்துக்கு எதிரிலேயே ஆடி அன்றைய ஆட்சியைக் கேலி பண்ணினார்கள். காலி டப்பாவையும் கலகத்துக்குத் தட்டலாம் என்று காட்டிய அவர்களை நான் மதிக்கிறேன். அங்கே பிரச்சினை பேரைப் பற்றியதல்ல, அதிகாரத்தைப் பற்றியது.

இரவல் வாங்குவதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நாமே வாங்கியிருக்கிறோம். 1966இல் ஓக்லாந்தில் கறுப்புச் சிறுத்தைகள் தோன்றினார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள். யாரிடமிருந்து வாங்கினோம், எந்த உறவில் வாங்கினோம் என்பதைத் தங்கள் அறிக்கையிலேயே அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். பேரோடு சேர்த்து அந்தச் சனங்களின் காயத்தையும் கோபத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். முப்பது விநாடிக் கூத்தோ பேரை உருவிக்கொண்டு ஆளைத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனது.

அந்த வெறி சில மாதத்தில் அடங்கிவிட்டது. பேரின்மேல் விழுந்த கறை அடங்கவில்லை. ஹார்லெம் ஷேக் என்றதும் முகமூடியும் தலைக்கவசமும் நினைவுக்கு வருகிற ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. இணையக் கூத்துகளுக்கு வரலாறு எழுதுகிறவர்கள் இதை 2013இலிருந்து தொடங்குகிறார்கள். ரக்கர் பார்க்கிலிருந்து தொடங்கட்டும். அல் பி பேரை முதல் வரியில் எழுதட்டும். அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.