பத்து நிமிடம்

ஜூனிப்பர் ரூட்டர்களின் சிஸ்டமான ஜூனோஸ் என்று பேச்செடுத்தால் நண்பர்களில் பாதிப் பேர் அதன் அடுக்கடுக்கான கன்ஃபிக் அமைப்பைப் புகழ்வார்கள். மீதிப் பேர், ரூட்டிங் எஞ்சினையும் பாக்கெட் ஃபார்வர்டிங் எஞ்சினையும் பிரித்து வைத்த அழகைப் பேசுவார்கள். 1998இல் வந்த எம்40 பெட்டியிலேயே அது இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டும் பெரிய விஷயங்கள்தாம். என் மனசு மட்டும் எப்போதும் ஒரே கட்டளையில் போய் நிற்கும்: கமிட் கன்ஃபர்ம்ட்.

அதை அடித்து என்டர் தட்டியதும் திரையில் ஒரு வரி வரும். பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும் என்று சொல்லும் வரி. இருபது வருடமாகப் படிக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

தொலைவில் இருக்கும் ரூட்டரை அதன் வழியாகவே போய்த் திருத்துவது, நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையில் கத்தி வைக்கிற வேலை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் நெட்வொர்க் நாடு முழுக்க விழுந்தது. ஒரு ஃபில்டரை எடுத்ததில் ரூட்கள் வெள்ளமாகப் பாய்ந்து கோர் ரூட்டர்களை அமுக்கிவிட்டன. சரிசெய்ய உள்ளே போகவேண்டிய மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் அதே கோரை நம்பித்தான் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு வேறொரு இரவு நினைவுக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு ஸ்விட்சின் டிரங்கில் புது விலான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு மீதியை அடித்தேன். இருந்த விலான்கள் எல்லாம் போய்ப் புதியது மட்டும் நின்றது. நான் வந்த வழியும் போனவற்றில் ஒன்று. அந்த இடத்தில் இரவில் ஆள் கிடையாது. காரில் மூன்று மணி நேரம் போய், பவரைப் பிடுங்கிச் செருகினேன். சேமிக்காத கன்ஃபிக் என்பதால் பழையது எழுந்து வந்தது. காலையில் என் சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ரிமோட் பெட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ரீலோட் போட்டு வச்சியாப்பா?” “இல்ல சார்” என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அவர் சொன்ன ‘ரீலோட் இன் 10’ சிஸ்கோ ஐஓஎஸ் காலத்துப் பெரியவர்களின் கைவைத்தியம். மாட்டிக்கொண்டால் பெட்டியே பத்து நிமிடத்தில் செத்துப் பிழைத்து வரும். அந்த வைத்தியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வரித் தவறுக்காகப் பெட்டி வழியே போகும் எல்லாருடைய டிராஃபிக்கும் நின்றுபோக வேண்டியிருக்கிறதே.

ஐஓஎஸ் ரசிகர்கள் என்னோடு வாதாடுவார்கள். அடித்த வரி அடித்த நொடியில் நடக்கிறதே, அந்த நேரடித்தன்மை எங்கே வரும் என்பார்கள். லேபில் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசான் இல்லை என்று நானும் ஒப்புக்கொள்வேன். தப்பாக அடித்த இடத்துக்கு நேர்கீழே அது போடும் அந்தச் சின்னக் கூரைக்குறியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு மாற்றம் என்பது பல வரிகள் சேர்ந்த ஒன்று. இன்டர்ஃபேஸில் மாட்டிய ஆக்சஸ் லிஸ்டை அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள். முதல் வரி விழுந்ததுமே, மற்றதையெல்லாம் மறுக்கும் மறைமுக விதியும் கூடவே அமலுக்கு வந்துவிடும். இரண்டாவது வரியை அடிக்க நீங்கள் உள்ளே இருக்க மாட்டீர்கள். சிஸ்கோவே 2004இல் சிஆர்எஸ்-1க்காக ஐஓஎஸ் எக்ஸ்ஆரைச் செய்தபோது எல்லா வரிகளையும் அடித்து முடித்துச் சேர்த்து அமலாக்கும் கமிட் முறைக்குத்தான் வந்தது.

மைக்ரோடிக் நண்பர்கள் சேஃப் மோடைக் காட்டுவார்கள். இணைப்பு அறுந்தால் மாற்றங்களும் கலைந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் என் வீட்டு லைனின் கோளாறால் இணைப்பு அறுந்தாலும் செய்த வேலை போய்விடும். கமிட் கன்ஃபர்ம்ட் அவசரப்படுவதில்லை. நான் திரும்பி வர நேரம் கொடுக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தை யார் தேர்ந்தெடுத்தாரோ, அவர் நள்ளிரவு வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பிஜிபி அண்டை ரூட்டர் விழுந்து எழுந்து, முழு டேபிளையும் வாங்கி முடிக்க வேண்டும். நான் இன்னொரு ஜன்னலைத் திறந்து நுழைந்து பார்க்க வேண்டும், வாடிக்கையாளர் பக்கம் ஒரு பிங் அடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் பதற்றம். அரை மணி என்றால் மறந்துபோவோம். வேறு கணக்கும் கொடுக்கலாம், நான் கொடுத்ததில்லை. 2006இல் நெட்கான்ஃப் தரமாக வந்தபோது அதிலும் உறுதி செய்யும் கமிட் இடம்பெற்றது. அங்கேயும் நேரம் சொல்லாவிட்டால் 600 விநாடி. அந்த 600ஐ முதன்முதலில் பார்த்தபோது, ஊர்க்காரர் ஒருவரை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது.

உறுதி செய்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடித்த அதே ஜன்னலில், அடித்த கையோடு இன்னொரு கமிட் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு நெஞ்சு பதறும். லாகின் அமைப்பை மாற்றியிருந்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அடுத்து வருகிறவனுக்குத்தான் கதவு மூடியிருக்கும். புதிதாக ஒரு எஸ்எஸ்ஹெச் திறந்து நுழைந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். நான் அந்தப் புது ஜன்னலில் கமிட் செக் போடுவேன். அதுவும் உறுதி செய்ததாகவே கணக்கு.

இப்போது ஷோ பைப் கம்பேர் போட்டு, கூட்டலும் கழித்தலுமாக வரும் வரிகளை நிதானமாகப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் முந்நூறு பெட்டிக்கு ஒரே மூச்சில் கமிட் தள்ளுகிறது. அதில் கன்ஃபர்ம்ட் சேர்த்திருக்கிறதா என்று கேட்டால், வேகம் குறையும் என்கிறார்கள். கடைசியாகக் கமிட் செய்த ஐம்பது கன்ஃபிக்கை ரோல்பேக்குக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு சிஸ்டத்தின் மேல் இப்படி ஓட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஷோ வெர்ஷன் அண்ட் ஹைக்கூ என்று அடித்தால் ஒரு ஹைக்கூ சொல்லும் சிஸ்டம் அது. உட்கார்ந்து வேலை செய்தவர்கள் கட்டியது. 2025இல் ஜூனிப்பர் ஹெச்பிஈ கைக்குப் போனபோது என் முதல் கவலை இந்தக் கட்டளையைப் பற்றித்தான்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு லேபில் நான் கொடுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. நீ உள்ளே வந்த இன்டர்ஃபேஸை நீயே டிஸேபிள் பண்ணு, கமிட் கன்ஃபர்ம்ட் போடு, கன்சோலைத் தொடாதே. போன மாதம் ஒரு பெண் அப்படிச் செய்தாள். திரை உறைந்தது. இரண்டாம் நிமிடமே கன்சோல் கேபிளைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஓடிக்கொண்டிருந்த பிங்கில் டைம் அவுட், டைம் அவுட் என்று வரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. எட்டு. ஒன்பது. பேச்சில்லை. பத்தும் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு பதில் வந்தது, பின்னாலேயே வரிசையாக மற்றவை.

“சார், அதுவா வந்திடுச்சு” என்றாள்.