பொறாமையின் ஒலி: ‘அமடேயஸ்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் ஒருவன் இன்னொரு கலைஞன்மீது கொள்ளும் பொறாமை கண்ணுக்குப் புலனாகாத அகநிலையாகும். நாடகத்தில் அது தனிமொழியாகவும் நாவலில் ஆசிரியர் கூற்றாகவும் அமையலாம். திரைப்படம் அதனை எங்ஙனம் புலப்படுத்துகின்றது என்பதற்கு, பீற்றர் ஷாபரின் நாடகத்தைத் (1979) தழுவி மிலோஸ் போர்மன் நெறிப்படுத்திய ‘அமடேயஸ்’ (1984) தக்க சான்றாகும். வியன்னா அரசவை இசையமைப்பாளன் சாலியரி, முதுமையில், மனநோயாளர் விடுதியில், பாதிரியார் ஒருவரிடம் கூறுவதாகக் கதை செல்கிறது. ஆகவே மொஸாட்டைப் பொறாமையுற்றவனின் நினைவினூடாகவே நாம் காண்கிறோம்.

இப்படத்தின் சிறப்பு ஒளிப்பதிவைக் காட்டிலும் ஒலியமைப்பிலேயே தங்கியுள்ளது. மொஸாட்டின் மனைவி கணவனது கையெழுத்துப் பிரதிகளைச் சாலியரியிடம் கொணரும் காட்சியை நோக்குக. அவன் தாள்களைப் புரட்டப் புரட்ட ஒலித்தடத்தில் இசை மாறிக்கொண்டே செல்கிறது. அறையில் வாத்தியம் இசைப்பார் எவருமிலர். அவன் அகச்செவியிற் கேட்பதையே நாமும் கேட்கிறோம். அடித்தல் திருத்தலற்ற அத்தாள்கள் ஈற்றில் அவன் கையினின்று நழுவி நிலத்திற் சிதறுகின்றன. இங்கு பொறாமை அறியாமையின் விளைவன்று. துல்லியமான இரசனையின் விளைவு. மொஸாட்டின் மேன்மையை அவ்வரசவையில் முற்றாக உணர்ந்தவன் அவனது பகைவனே. வசனத்தால் இதனை நிறுவ முயன்றிருப்பின் வெறும் புகழுரையே எஞ்சியிருக்கும்.

இன்னொரு காட்சி. சாலியரி இயற்றிய வரவேற்பிசையைப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு தட்டுத்தடுமாறி வாசிக்க, அவையோர் பாராட்டுகின்றனர். ஒருமுறை கேட்ட அதனை மொஸாட் நினைவிலிருந்தே வாசித்து, மாற்றி, வளர்த்துச் செல்கிறான். கமெரா இடையிடையே சாலியரியின் முகத்திற்குத் திரும்புகிறது. தடுமாறும் விரல்களையுடைய புரவலரே இருவரின் பதவியையும் ஊதியத்தையும் நிர்ணயிப்பவர் என்பதையும் அக்காட்சி தன்னையறியாமலே காட்டிவிடுகிறது.

தன்னையறியாமலே என்பது சற்றுக் கடுமையாயிருக்கலாம். ஆயினும் கதை தரும் விளக்கம் வேறு: சாலியரி பகைப்பது கடவுளையே, சிலுவையை நெருப்பிலிடுகிறான். பொறாமைக்குக் காரணம் வானத்திற் தேடப்படுகிறது. இக்கருத்துமுதல்வாத விளக்கத்தின் விளைவை இரங்கற்பூசை இசை பற்றிய பகுதியிற் காணலாம். மொஸாட்டின் தந்தை களியாட்டத்தில் அணிந்த கரிய முகமூடியை அணிந்து, சாலியரியே அவ்விசையைக் கோருகிறான். அதனைத் தனதென அரங்கேற்றுவதே அவன் திட்டம். வரலாற்றில், 1791 இல் இறந்த தம் மனைவியின் நினைவுக்காக இடையாள் மூலம் அதனைக் கோரியவர் வால்செக் என்னும் பிரபு. தமது ஆக்கமெனக் காட்ட எண்ணியவரும் அவரே. வரலாற்றுச் சாலியரியோ மொஸாட்டின் இளைய மகனுக்கு இசை கற்பித்தவர். படைப்பாளிக்குக் கற்பனையுரிமை உண்டு. அதனை மறுப்பது எனது நோக்கமன்று. ஆயின் பிறர் உழைப்பை விலைகொடுத்துத் தனதாக்கும் நிலப்பிரபுவின் செயல், சக கலைஞனின் மனக்கோணலாக இங்கு மாற்றப்பட்டுள்ளது. முகமூடி மறைப்பது சாலியரியின் முகத்தை மட்டுமன்று.

இருந்தும் மரணப்படுக்கைக் காட்சி இவ்விளக்கத்தை மீறி எழுகிறது. மொஸாட் சொல்லச் சொல்லச் சாலியரி எழுதுகிறான். ஆண்குரல்களும் வாத்தியங்களும் தனித்தனியே ஒலித்துப் பின்னர் ஒன்றுசேர்கின்றன. ஓரிசை கட்டப்படும் உழைப்பைத் திரைப்படம் இத்துணைத் தெளிவாகக் காட்டியது அரிது. பின்தங்கிவிட்ட சாலியரி சற்றுப் பொறுக்குமாறு இரக்கும்போது அவன் முகத்திற் பகை இல்லை. வேலை மட்டுமே உள்ளது. விடிந்ததும் மனைவி திரும்பி வந்து, தாள்களை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறாள்.