திறமை யாருடையது?

1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. இழுத்து இழுத்து 1996 ஜனவரியில், கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: இது சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம்.

அந்தத் தீர்ப்பை ஒரு கதையாக வாசித்துப் பாருங்கள். குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் கைப்பக்குவம் எல்லாம் வருகிறது. பந்தயம் கட்டுகிறவன், இதையெல்லாம் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் ஆளாக வருகிறான். எனக்கு இடறுவது இந்தப் பாத்திரம்தான். எம்.ஏ.எம்.ராமசாமிக்கு அது பொருந்தும். பந்தயக் குதிரைகள் வைத்திருந்தவர், அந்த கிளப்புக்கே தலைவராக இருந்தவர். வாரக் கூலியோடு கிண்டியில் போய் நின்றவனுக்கு? அவன் கையில் ஒரு ரேஸ் புத்தகமும் யாரோ காதில் போட்ட டிப்பும்தான். ஓடுவது குதிரை, ஓட்டுவது ஜாக்கி, தோற்பது மட்டும் இவன். 1866இல் 'சூதாடி' எழுதிய தாஸ்தயெவ்ஸ்கிக்கு இந்த ஆளை நன்றாகத் தெரியும்: ரூலெட் சக்கரத்திலும் ஒரு கணக்கு இருக்கு என்று நம்புகிறவன். தீர்ப்பெழுதியவர்கள் கண்ணில் அவன் படவே இல்லை.

இதே 'திறமை' வாதம் 2021இல் ஆன்லைன் ரம்மிக்கும் கைகொடுத்தது. தமிழக அரசின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கிண்டிக்கு ரயிலேறுகிற வேலையும் மிச்சம். இளம்பிள்ளையில் தறி ஓட்டுகிறவரின் போனுக்கே சீட்டுக்கட்டு வந்து சேர்ந்தது.

கிண்டி நிலத்தை அரசு 2024 செப்டம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டது. குத்தகை பாக்கிக்காக, சூதுக்காக இல்லை.