மருதமுனைச் சாறனும் குறிஞ்சிப்பாடி லுங்கியும்

கைத்தறி என்று பேச்செடுத்தால் எல்லோரும் காஞ்சிபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். பட்டுக்கு என்ன குறை? கலியாணம் நடக்கும் வரை அதற்கு ஆள் உண்டு; விலை ஏறினால் மதிப்பும் சேர்ந்து ஏறும். கை நெசவு மலிவுத் துணியோடு மல்லுக்கட்டி நிற்கிறதா விழுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் லுங்கியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். வயலுக்கும் கடலுக்கும் போகிறவர் கட்டுவது, வீட்டுக்கு வந்ததும் முதலாளியும் மாற்றிக்கொள்வது. இந்தத் துணிக்கு யாரும் பெருமைக்காகக் காசு கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் சாரம், இலங்கையின் கிழக்கில் சாறன், தமிழ்நாட்டில் லுங்கி அல்லது கைலி. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்ச் சேர்ந்த கதை டச்சுக்காரர் காலத்தது. கொழும்பில் 'பளேகாட்' சாரம் என்று இன்றும் கேட்டு வாங்குகிறவர்களுக்கு அது ஒரு ஊரின் பெயர் என்று தெரியாது. தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை. நெய்கிறவர்கள் அங்கே, உடுக்கிறவர்கள் இங்கே இலங்கையில் என்று வெகுகாலம் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் கதைக்கு அது தேவை.

கட்டம் போட்ட லுங்கி நெய்வது பார்க்க லேசாகத்தான் இருக்கும். நீள நூலான பாவு ஓடும்போதே நிறக் கோடுகளை எண்ணி வைத்துவிடுவார்கள். சூட்சுமம் குறுக்கு நூலான ஊடையில் இருக்கிறது. நீலம் இத்தனை, வெள்ளை இத்தனை என்று நாடாவை மாற்றி மாற்றி ஓட்டி, பாவில் உள்ள கோட்டின் அகலமும் ஊடையில் விழும் கோட்டின் அகலமும் ஒன்றாய் வந்தால்தான் கட்டம் சதுரமாகும். பலகையை ஒரு தரம் ஓங்கியும் மறுதரம் மெல்லவும் அடித்தால் கட்டம் நீளும், குறுகும். காலையில் தெம்போடு நெய்த அடியும் மாலையில் கை ஓய்ந்து நெய்த அடியும் ஒரே நெருக்கத்தில் இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு முனையையும் மூட்டும்போது கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும். கை தேர்ந்தவர் நெய்த சாறனில் மூட்டுத் தையல் எங்கே என்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனி விசைத்தறியின் கணக்கு. நிமிடத்துக்கு 120 ஊடை போடும் பழைய தறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 60 ஊடை என்றால் நிமிடத்துக்கு 2 அங்குலம். மணிக்கு 3 மீட்டர். 8 மணி நேரத்தில் 24 மீட்டர், அதாவது 12 லுங்கி. ஒரு ஆள் நான்கு தறி பார்த்தால் 48. நூல் அறுந்து தறி நிற்கும் நேரத்தைக் கழித்தாலும் 40க்குக் குறையாது. குழித்தறியில் இருக்கிறவர் இருட்டும் வரை மிதித்தாலும் இரண்டு, மூன்றைத் தாண்டுவது பாடு. விசைத்தறியில் கை ஓய்வதும் இல்லை, கட்டம் கோணுவதும் இல்லை. இரண்டுக்கும் நூல் ஒன்று, சாயம் ஒன்று. துவைத்து மடித்து முன்னால் வைத்தால் பழகின வியாபாரியே தடுமாறுவார்.

பட்டில் உடலோடு கரையைக் கோத்து நெய்யும் கோர்வையைத் திருப்பிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். லுங்கியில் அந்த வசதி கிடையாது. ஆகவே, கைத்தறி என்று சொல்லி விசைத்தறியை விற்பது லுங்கியில் எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது வேறு எதிலும் இல்லை. இரு நாடுகளும் இந்த இக்கட்டை எப்படிக் கையாண்டன என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இந்தியா சட்டம் போட்டது. 1985இல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்றது. எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனது. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் எட்டு வருடம் போயிருந்தது. பட்டியலில் முதலில் 22 வகை. 1996இல் அது 11 ஆகச் சுருங்கியது. அந்தப் 11இல் சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளத்தோடு லுங்கியும் இருக்கிறது. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள், இல்லை, பார்க்கக்கூட வேண்டாம், தெருவில் நின்று கேளுங்கள். சடசடவென்று ஓடும் தறிகளில் எத்தனை அந்தப் பட்டியலை மதித்து ஓடுகின்றன என்று எண்ணுவதற்கு எந்த அதிகாரிக்கும் நேரம் போதாது.

சட்டத்தை மதிக்காதவர்கள் என்று விசைத்தறிக்காரரைத் திட்டுவதும் முழு நியாயமில்லை. அவர்களில் பலர் நேற்றுவரை கைத்தறிக்காரர்கள். செங்குந்தர், தேவாங்கர் என்று பரம்பரை நெசவுக் குடும்பங்களிலிருந்தே கடன் வாங்கி இரண்டு, நான்கு தறி போட்டவர்கள். அண்ணன் குழித்தறியிலும் தம்பி விசைத்தறியிலும் இருக்கிற வீடுகள் உண்டு. அரசும் இரண்டு பேருக்கும் கைகொடுக்கிறது: தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1000 யூனிட் ஆனது; கைத்தறிக்கு 200 என்றிருந்தது 300 ஆனது. மத்திய அரசின் கையால் ஒதுக்கீட்டுச் சட்டம், மாநில அரசின் கையால் இலவச மின்சாரம். ஓட்டுக் கணக்கில் இரண்டும் சரிதான்.

ஆனால் தமிழ்நாட்டில் சட்டத்தைவிடப் பெரிய காவல் ஒன்று இருந்தது. அது கூட்டுறவுச் சங்கம். சங்கங்களின் துணியை விற்கும் கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கியது. குறிஞ்சிப்பாடியிலோ குடியாத்தத்திலோ சங்கத்து நெசவாளிக்குச் சங்கம் நூலைக் கொடுத்து, துணியை வாங்கிக்கொண்டு கூலி தரும். துணி விற்குமா என்ற கவலை சங்கத்துக்கு. பண்டிகைத் தள்ளுபடியில் அரசு அதற்கும் முட்டுக்கொடுக்கும். நூல் ஆலைகள் உள்ளூர்ச் சந்தைக்குத் தரும் நூலில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கோன் நூல் விசைத்தறிக்கு, சிட்டா நூல் கைத்தறிக்கு. அந்தப் பங்கும் 40 சதவீதத்திலிருந்து 2019இல் 30 சதவீதமாகக் குறைந்தது. சங்கங்களில் ஊழல் இல்லையா, தேங்கின சரக்கு இல்லையா என்றால், இருக்கிறது, தாராளமாக. இருந்தாலும் வீட்டில் தறி வைத்திருக்கிற ஒரு குடும்பம் நூலுக்காகக் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு உதவியிருக்கிறது.

அப்படியிருந்தும் நெசவாளர்கள் குறைகிறார்கள். இந்தியா முழுதும் 1987-88 கணக்கெடுப்பில் 67 இலட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20இல் 35 இலட்சம். விட்டவர்கள் எல்லோரும் நசுக்கப்பட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மகனைப் பொறியியல் படிக்க வைத்த நெசவாளி தறியைப் பிரித்துவிட்டால் அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

இலங்கைக் கதை வேறு தடம். காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் வரை போனார். கதர் நிதிக்குச் சனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பணம் போனது, இராட்டை வரவில்லை. அந்நியத் துணி எரிப்பு இங்கே ஓர் இயக்கமாக எழவில்லை. இலங்கைக் கைத்தறிக்கு நல்ல காலத்தைத் தந்தது பற்று அல்ல, வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாடு. 1970இலிருந்து 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது உள்ளூரில் எது நெய்தாலும் விற்றது. கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயி அந்தக் காலத்தை எப்படி நினைவுகூர்கிறாரோ, கிழக்கின் நெசவாளியும் அப்படித்தான் நினைவுகூர்வார். அதே ஆண்டுகளில் வல்வெட்டித்துறைப் படகுகள் இந்தியச் சேலையும் சாரமும் ஏற்றிவந்ததும் உண்மை. சந்தையை எவ்வளவு இறுக்கினாலும் கட்டுகிறவர்களுக்கு வேண்டியது வந்து சேரும்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன கதவைத் திறந்தார். துறைமுகத்தில் இறங்கிய துணி புறக்கோட்டை வழியாக ஊருக்கு ஊர் போனது. இந்தியாவில் கைத்தறிக்குப் போட்டி பக்கத்துத் தெரு விசைத்தறி. இலங்கையில் போட்டி கப்பலில் வந்த கொள்கலன். பக்கத்துத் தெருக்காரரோடு சண்டை போடலாம், சமாதானம் பேசலாம், கடைசியில் அவரிடமே வேலைக்கும் போகலாம். கொள்கலனோடு என்ன செய்வது? தமிழ்நாட்டு நெசவு முப்பது, நாற்பது ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்தது என்றால், இலங்கையில் அது சில ஆண்டுகளில் சரிந்தது. 1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தபோது, தறியில் உட்கார்ந்திருக்கக்கூடிய இளம்பெண்கள் தையல் இயந்திரத்துக்குப் போனார்கள். அங்கே தைத்ததும் பெரும்பாலும் இறக்குமதித் துணி.

மருதமுனைக்கு இதற்கு மேலும் ஓர் அடி விழுந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து ஆட்களையும் வீடுகளையும் கொண்டுபோனபோது தறிகளும் போயின. அதன் பிறகும் அங்கே நெசவு நடக்கிறது என்பதே பெரிய காரியம். இலங்கையில் பல இடங்களில் கைத்தறி பரம்பரைத் தொழிலாக இல்லை. நெசவு நிலையங்களில் பெண்கள் பயிற்சி பெற்று, நெய்த அளவுக்குக் கூலி வாங்குகிறார்கள். பிள்ளை தறியடியில் வளர்ந்து தொழில் பழகும் ஊர்கள் குறைவு. மருதமுனை அப்படியொன்று, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தும்பறைப் பாய் நெய்யும் ஊர் இன்னொன்று. தமிழ்நாட்டில் நெசவாளியின் மனைவி தார் சுற்றிக் கொடுக்கும் வேலைக்குத் தனிக் கூலி கேட்பது வழக்கமில்லை. இலங்கை நெசவு நிலையத்துப் பெண்ணின் கூலி, எவ்வளவு சிறிதானாலும், அவள் பெயரில் வருகிறது. இந்த ஓர் இடத்தில் இலங்கை முறை மேல் என்பேன்.

விலையில் வெல்ல முடியாதபோது இலங்கையில் சிலர் போட்டியையே விட்டுவிட்டார்கள். பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்புட் நிறுவனம் அதற்குப் பெரிய உதாரணம். ஒரு கத்தோலிக்க கன்னியாஸ்திரீ, தறிவேலை செய்யும் பெண்களுக்கு வடிவங்கள் வரைந்து தரும்படி அவரிடம் கேட்டதில் தொடங்கிய வேலை அது. 2022இல் சன்சோனி காலமாகும்போது அந்த வண்ணக் கோடுகள் இலங்கையின் அடையாளங்களில் ஒன்றாகியிருந்தன. மருதமுனையிலும் சாறனோடு நில்லாமல் சேலையும் நெய்கிறார்கள்; தினம் சேலை உடுத்து வேலைக்குப் போகும் ஆசிரியைகள் கைத்தறிக்கு நல்ல வாடிக்கை. தறி பிழைத்தது. ஆனால் கொழும்பு அலங்காரக் கடையில் தொங்கும் கைத்தறிச் சாரத்தைக் கடலுக்குப் போகிறவர் வாங்கிக் கட்டப்போவதில்லை.

இலங்கைக்கு இன்னும் தீராத நோவு நூல். பருத்தி நூல் வெளியிலிருந்து, பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது நூலும் சாயமும் கூடவே ஏறின. இறக்குமதித் துணியும் அப்போது விலை ஏறியது. உள்ளூர்க் கைத்தறிக்கு அது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். கையில் நூல் இல்லாதவருக்கு ஏது பொற்காலம்? 1970களின் பாடமும் 2022இன் பாடமும் இங்கே பிரிகின்றன. மதில் கட்டினால் மட்டும் போதாது, மதிலுக்கு உள்ளே நூல் இருக்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்திய அரசு லுங்கியை அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். யாரும் மதிக்காத தடையால் ஒரு நெசவாளிக்கும் ஒரு ரூபாய் கூடவில்லை. கூலிக்காரருக்கு மலிவான லுங்கி கிடைப்பதைத் தடுக்கவும் கூடாது. அந்தத் தடைக்குச் செலவாகும் ஆளையும் நேரத்தையும் கைத்தறி முத்திரையில் போடலாம். 2006இலிருந்து அந்த முத்திரை இருக்கிறது. விசைத்தறித் துணியில் அதை ஒட்டுகிறவரைப் பிடிப்பதுதான் உருப்படியான வேலை. இலங்கை செய்ய வேண்டியது வேறு: மருதமுனை போன்ற ஊர்களில் நெசவாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தமிழ்நாட்டு ஆலைகளிலிருந்து நேரடியாக நூல் எடுக்க வழி செய்ய வேண்டும். துணிக்கு வரி போடுகிற அரசு நூலுக்கும் சாயத்துக்கும் வரியைத் தளர்த்த வேண்டும்.

அதுவரை, கைத்தறிதான் வேண்டும் என்பவர்கள் தமிழ்நாட்டில் சங்கக் கடையில் முத்திரை பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். மருதமுனைப் பக்கம் போனால் பிரதான வீதியோடு திரும்பிவிடாமல் தறி உள்ள வீட்டை விசாரித்துப் போங்கள். காசு நெய்தவர் கைக்கே போகும். விசைத்தறிச் சாரம் வாங்குவதும் ஒரு குற்றமில்லை, அதற்குக் கைத்தறி விலை கொடுக்காமல் இருந்தால் சரி.