காரல் குடும்பம்: வாயா, வெளிச்சமா?

மண்டபத்திலோ பாம்பனிலோ விசைப்படகுக்காரர் மடியைக் கொட்டினால் சளியோடு வழுக்கிக்கொண்டு குவிவதில் பெரும்பகுதி காரல்தான். சென்னையில் காரப்பொடி என்பார்கள். நல்லது குழம்புக்கு, அடுத்தது கருவாட்டுக்கு, நசுங்கியது தீவன ஆலைக்கு. யாரும் இதைப் பெரிய மீனாக மதிப்பதில்லை. ஆனால் இந்தோ-பசிபிக் கடல்களில் ஐம்பது சிற்றினங்கள் வரை உள்ள இந்த லியோக்னாதிடே குடும்பத்தைப் பிரித்து அடுக்குவதில் மீனியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

செங்கடலில் கிடைத்த காரலை ஃபோர்ஸ்கால், 1775இல் வெளியான தம் நூலில், கானாங்கெளுத்திக் கூட்டமான ஸ்காம்பரில் சேர்த்திருந்தார். 1802இல் லாசெபேட் லியோக்னாதஸ் என்ற தனிப் பேரினம் அமைத்தார். அதன்பின் நெடுங்காலம் கோலோச்சியது வாய்ப் பள்ளி. ஒரு காரலின் மேலுதட்டை நகத்தால் பிடித்து மெல்ல இழுத்தால் வாய் குழாயாக நீளும். அது நேராகவோ கீழ்நோக்கியோ நீண்டால் லியோக்னாதஸ். மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர். உள்ளே கோரைப்பல் தட்டுப்பட்டால் காசா. இரையும் இதற்கு ஒத்துப்போகும். கீழ்வாய்க்காரன் அடிமண்ணில் புழு பொறுக்குவான், மேல்வாய்க்காரன் மிதவை உயிரிகளை உறிஞ்சுவான், பல்காரன் இறாலையும் குஞ்சு மீனையும் கவ்வுவான். பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் 1975ஆம் ஆண்டுத் திறனாய்வில் நம் கடல் காரல்களை இந்த மூன்று பேரினங்களுக்குள்தான் ஒழுங்குபடுத்தினார். இறங்குதளத்தில் நின்று வேலை செய்பவருக்கு இன்றும் இதைவிடக் கைக்கு வந்த அளவுகோல் இல்லை.

குறை என்னவென்றால், மற்ற இரண்டில் அடங்காததையெல்லாம் லியோக்னாதஸ் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டார்கள். அதை அவிழ்த்தது வெளிச்சம்.

காரலின் உணவுக்குழாயைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதற்குள் ஃபோட்டோபாக்டீரியம் என்னும் ஒளிரும் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. குஞ்சு பொரிக்கும்போது இவை கிடையாது. கடல்நீரிலிருந்துதான் வந்து சேர்கின்றன. வளையத்தின் ஒளி, உள்ளே வெள்ளிப்பூச்சு பூசிய காற்றுப்பையில் பட்டுத் திரும்பி வயிற்றுப்பக்கம் மெல்லக் கசியும். கீழிருந்து பார்க்கும் வேட்டை மீனுக்கு மேலே வானவெளிச்சமும் மீனின் வயிறும் ஒன்றாகத் தெரிய, நிழல் மறைந்துபோகும் என்று 1971இல் ஹேஸ்டிங்ஸ் விளக்கினார். (இந்த நுண்ணுயிரிகளில் ஒன்றின் பெயர் மண்டபமென்சிஸ். நம் மண்டபம்தான். அது தனிச் சிற்றினமா, துணைச் சிற்றினமா என்று அங்கேயும் வழக்கு.)

மறைவதற்கு மட்டுமென்றால் ஆணும் பெண்ணும் ஒரே அளவு ஒளி வைத்திருந்தால் போதும். பல சிற்றினங்களில் ஆணின் உறுப்பு பெரிது. உடலின் ஓரிடத்தில் தோல் ஒளி ஊடுருவும் சன்னலாகவும் இருக்கிறது. சிலவற்றில் அது விலாவில். சிலவற்றில் மார்புத்துடுப்புக்குப் பின்னே. பெண் தன் இனத்து ஆணை இந்த மினுக்கைக் கொண்டே அறிகிறது என்று கருதுகிறார்கள். ஸ்பார்க்ஸ், டன்லப், ஸ்மித் மூவரும் 2005இல் மரபணுவையும் இந்தச் சன்னல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்து ஃபோட்டோபெக்டோராலிஸ், ஃபோட்டோபிளாகியாஸ் என இரு பேரினங்களைப் பிரித்தார்கள். இரண்டாவது பெயர் நிலைக்கவில்லை. ஃபவ்லர் 1904லேயே இட்ட ஈக்வுலைட்டீஸ் என்ற பெயர் இருந்ததால், முந்தியதே செல்லும் என்ற விதி அதைத் தள்ளிவிட்டது. 2008இல் சக்கரபர்த்தியும் ஸ்பார்க்ஸும் அமைத்த கராலா பேரினத்தில் நம் காரலே ஒலிக்கிறது.

மரபணுப் பள்ளி இன்னும் மேலே போய், வண்ணத்துப்பூச்சி மீன்களை இதற்கு நெருங்கிய சொந்தமாக்குகிறது. வெளித்தோற்றத்தில் இதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

என் கணிப்பில் ஒளிப் பள்ளியே மேல். மீன் தன் இணையைப் பிரித்தறியும் அடையாளத்தையே நாமும் அளவுகோலாகக் கொள்கிறோம். ஆனால் அது பெண்மீன் முன்னும், பார்மலினில் வெளுத்துப்போன மாதிரி முன்னும் கைவிரித்துவிடும். அங்கே மறுபடி வாயைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மீன்வளம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காரலைப் புட்டியில் போடுமுன் ஈரம் காயாமல் விலாவைப் படமெடுங்கள். ஆணா பெண்ணா என்று சீட்டில் எழுதி வையுங்கள்.